அப்டேட் போட்டதும் போன் போச்சா? கேட்க நமக்கு உரிமை இருக்கு!



இந்த மாதப் பாவனையாளர் பாடம் ஒரு கடிதத்தில் இருந்து பிறந்தது. கிளிநொச்சி உருத்திரபுரத்தில் இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருந்தார். அவருடைய தாத்தா காலத்தில் அந்தக் குடும்பம் நம்ம மலைநாட்டுத் தோட்டத்து லயத்தில் இருந்தது. 1977 கலவரத்துக்குப் பிறகு வன்னிக்குப் போனார்கள். இப்போது இரணைமடுக் குளத்துத் தண்ணியில் வயல் செய்கிறார்கள். பெரியம்மா மட்டும் இன்னும் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறார். அவரைப் பார்க்க வந்தபோது நம்ம செய்திமடலைக் கையோடு எடுத்துப் போய்ப் படித்திருக்கிறார் அந்தத் தங்கச்சி. அவர் எழுதியது இதுதான்:

"போன் வாங்கி ரெண்டு மாசம் பத்து நாள் ஆகுது. புது அப்டேட் வந்திருக்குன்னு காட்டிச்சு, அமுக்கினேன். அதுக்குப் பிறகு கம்பனி பேர் மட்டும் வந்து நிக்குது, உள்ளே போகுதில்ல. வாங்கின கடைக்கே கொண்டு போனோம். 'அப்டேட் போட்டது நீங்க, அதுக்கு வாரண்டி கிடையாது'ன்னு சொல்லிட்டாங்க. திருத்த 12,000 ரூபா கேக்கிறாங்க. அம்மா குவைத்தில இருந்து பேசி அனுப்பின குரல் எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு. நாங்க என்ன செய்யிறது?"

இந்தக் கேள்வி ஒரு வீட்டுக் கேள்வி இல்லை. இன்றைக்கு எந்த லயத்துக்குப் போனாலும் வீட்டுக்கு ஒரு டச் போனாவது இருக்கிறது. பிள்ளைகளின் பாடம், வெளிநாட்டில் இருக்கும் அம்மாவின் முகம், வங்கிக் கணக்கு எல்லாம் அதற்குள்தான். அதன் விலையையும் நினைத்துப் பாருங்க. 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபா ஆக்கப்பட்டது. அந்தக் கணக்கில் 40,500 ரூபா போன் ஒன்றுக்கு முழுசாக 30 பேர் விழ வேண்டும். ஒரு மாதத்து உழைப்பு. அது ஒரு பொத்தானை அமுக்கினதும் செத்துப்போனால், "நம்ம தலையெழுத்து" என்று விட்டுவிடலாமா?

விடக்கூடாது. அந்தக் கடை சொன்ன பதில் சரியான பதில் இல்லை. ஏன் என்று படிப்படியாகப் பார்ப்போம்.

அப்டேட் என்றால் என்ன?

நம்ம தேயிலைத் தொழிற்சாலையை எடுத்துக்கொள்ளுங்க. கொழுந்து வாட்டும் தட்டு, ரோலர், ட்ரையர் எல்லாம் இயந்திரம். ஆனால் இயந்திரம் மட்டும் இருந்தால் தூள் வராது. எத்தனை மணி நேரம் வாட்டணும், எவ்வளவு நேரம் உருட்டணும், எந்தச் சூட்டில் காய்ச்சணும் என்று டீமேக்கர் சொல்லணும். போனிலும் அப்படித்தான். கண்ணாடி, பெட்டரி, உள்ளே இருக்கிற தகடு எல்லாம் இயந்திரம். அதை ஓட்டுகிற கட்டளைகளுக்குத்தான் மென்பொருள், அதாவது சொப்ட்வெயார் என்று பேர். அப்டேட் என்பது கம்பனி அனுப்புகிற புதுக் கட்டளை.

இப்போது ஒரு கேள்வி. தலைமை அலுவலகம் ஒரு புது உத்தரவு அனுப்புகிறது. அதன்படி பழைய ரோலரை அதன் பலத்துக்கு மிஞ்சி ஓட்ட, மோட்டார் எரிந்து போகிறது. அந்தச் செலவைக் கொழுந்து எடுத்தவர் தலையில் கட்டுவார்களா? கட்டினால் சும்மா இருப்போமா? போன் விசயமும் அதே நியாயம்தான். கட்டளையை எழுதியது கம்பனி, அனுப்பியது கம்பனி, "இதைப் போடுங்க" என்று திரும்பத் திரும்பக் காட்டியதும் கம்பனி. நாம் செய்தது, அவர்கள் சொன்னதைக் கேட்டது மட்டுமே.

அப்டேட் போட்டு ஏன் கெடுகிறது?

முக்கியமாக நாலு காரணம்:

1. கட்டளையிலேயே பிழை இருக்கலாம். சரியாகச் சோதித்துப் பார்க்காமல் அனுப்பியிருப்பார்கள்.
2. புதுப் போனுக்கு எழுதின கட்டளையைப் பழைய போனுக்கும் அனுப்பினால், அது தாங்காமல் மெதுவாகி, சூடாகிவிடும்.
3. பெட்டரி பழசாகியிருக்கலாம். சில வேளை அந்தப் பெட்டரியைக் காப்பாற்ற என்று கம்பனியே போனின் வேகத்தைக் குறைத்துவிடும்.
4. அப்டேட் ஏறிக்கொண்டிருக்கும்போது சார்ஜ் முடிந்தால், அல்லது உள்ளே இடம் போதாமல் போனால், பாதியில் நின்றுவிடலாம்.

முதல் மூன்றும் கம்பனியின் பக்கம். நாலாவதில் மட்டும் நாமும் கவனமாக இருக்கணும். அதைப் பிறகு சொல்கிறேன்.

பெரிய கம்பனிகளும் பதில் சொல்லியிருக்கின்றன

"இவ்வளவு பெரிய கம்பனியை நாம என்ன கேக்கிறது?" என்று பலர் நினைக்கிறார்கள். கேட்டவர்கள் இருக்கிறார்கள். பதிலும் வந்திருக்கிறது.

பக்கத்து நாடான இந்தியாவில் பாவனையாளர் முறைப்பாடுகளுக்கு 1915 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. அப்பிள் கம்பனியின் ஐபோன்களில் ஐ.ஓ.எஸ். 18 என்ற அப்டேட் போட்ட பிறகு போன் சரியாக வேலை செய்யவில்லை என்று பலர் முறைப்பாடு செய்தார்கள். 2025 ஜனவரியில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விளக்கம் கேட்டு அப்பிளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. அதை அமைச்சர் பிரலாத் ஜோஷியே வெளியில் அறிவித்தார். ஆளுக்கொரு முறைப்பாடாகச் சேர்ந்துதான் அந்த நோட்டீஸ் ஆனது.

அதே இந்தியாவில், 2020 டிசம்பர் கடைசியில் ஷாவோமி கம்பனி தன்னுடைய மி ஏ3 போனுக்கு அன்ட்ரொயிட் 11 அப்டேட்டை அனுப்பியது. போட்ட பலருடைய போன் அப்படியே செத்துவிட்டது, எழும்பவே இல்லை. உருத்திரபுரத்துத் தங்கச்சியின் கதை மாதிரியேதான். கம்பனி அந்த அப்டேட்டை நிறுத்தியது. வாரண்டி முடிந்தவர்களுக்கும் காசு வாங்காமல் திருத்தித் தருவதாகச் சொன்னது.

இத்தாலியில் 2018 ஒக்டோபரில் சந்தைப் போட்டியைக் கண்காணிக்கும் அதிகாரசபை அப்பிளுக்கு 10 மில்லியன் யூரோவும், சம்சுங்குக்கு 5 மில்லியன் யூரோவும் தண்டம் விதித்தது. பழைய போன் வைத்திருந்தவர்களை, அதன் தீமையைச் சரியாகச் சொல்லாமல், அப்டேட் போடத் தூண்டினார்கள் என்பதுதான் குற்றம். பிரான்சில் 2020 பெப்ரவரியில் அப்பிளுக்கு 25 மில்லியன் யூரோ தண்டம். அப்டேட் போட்டால் பழைய ஐபோன் மெதுவாகலாம் என்று முன்கூட்டியே சொல்லவில்லை என்பதுதான் அங்கே குற்றம்.

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள விதி இன்னும் தெளிவானது. போன் மாதிரியான பொருளை விற்றவர் அதற்கு வேண்டிய அப்டேட்டும் கிடைக்கும்படி செய்யணும். அந்த அப்டேட்டில் குறை இருந்தால் அது பொருளின் குறையாகவே எண்ணப்படும்.

நம்ம நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் இருக்கிறது. அது டச் போன் வருவதற்கு முன் எழுதியது. அப்டேட் என்ற பேச்சே அதில் இல்லை. ஆனால் நமக்கு உதவுகிற ஒரு விசயம் அதன் 13ஆம் பிரிவில் இருக்கிறது.

விற்ற பொருள், வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ கொடுத்த உத்தரவாதத்துக்கு ஏற்றபடி இல்லை என்றால் அதிகாரசபைக்கு முறைப்பாடு செய்யலாம். மறைமுக உத்தரவாதம் என்றால் என்ன? எழுதிக் கொடுக்காவிட்டாலும் பொருளோடு சேர்ந்து வருகிற வாக்கு. குடை வாங்கினால் மழைக்குத் தாங்கணும். போன் வாங்கினால் பேச வேலை செய்யணும், கம்பனியே அனுப்புகிற அப்டேட்டைத் தாங்கணும். இதுதான் நாம் வைக்க வேண்டிய நியாயம்.

விசாரித்து முறைப்பாடு சரி என்று கண்டால், நட்டஈடு கொடுக்கவோ, வேறு பொருள் மாற்றிக் கொடுக்கவோ, காசைத் திருப்பிக் கொடுக்கவோ அதிகாரசபை உத்தரவு போடலாம்.

இங்கே ஒன்றை நல்லா மனசில் வைங்க. முறைப்பாடு எழுத்தில் இருக்கணும். பொருள் விற்ற நாளில் இருந்து 3 மாதத்துக்குள் போகணும். "அடுத்த சம்பளம் வரட்டும்", "திருவிழா முடியட்டும்" என்று தள்ளிப் போட்டால் நாள் போய்விடும். உருத்திரபுரத்துத் தங்கச்சிக்குக் கையில் இருந்தது சுமார் 20 நாள்தான். அதனால் செய்திமடல் அச்சாகும் வரை காத்திருக்காமல் அவருக்கு உடனே பதில் எழுதினோம்.

3 மாதம் தாண்டிவிட்டால் எல்லாம் முடிந்ததா? இல்லை. வாரண்டி அட்டையில் ஒரு வருடம் என்று இருந்தால் அந்த ஒரு வருடமும் கடையையும் கம்பனி முகவரையும் கேட்கலாம். பொய் சொல்லி விற்றிருந்தால் அதையும் அதிகாரசபைக்குச் சொல்லலாம். அதோடு மத்தியஸ்த சபைக்கும் போகலாம். அங்கே வக்கீல் பிடிக்க வேண்டியதில்லை, இரண்டு பக்கத்தையும் இருத்திப் பேசித் தீர்ப்பார்கள்.

என்ன செய்யணும்? எந்த ஒழுங்கில் செய்யணும்?

1. ரோட்டோரக் கடையில் போனைத் திறக்க விடாதீங்க. திறந்துவிட்டால் "வெளியாள் கை வைத்தது" என்று வாரண்டியைத் தட்டிக் கழிப்பார்கள்.
2. போன் எப்படி நிற்கிறது என்று இன்னொரு போனால் படமும் வீடியோவும் எடுங்க. அப்டேட் போட்ட திகதி, நேரத்தைத் தாளில் எழுதுங்க.
3. பில், வாரண்டி அட்டை, பெட்டி மூன்றையும் எடுத்து வைங்க. போனின் 15 இலக்க ஐ.எம்.ஈ.ஐ. எண் பெட்டியில் இருக்கும்.
4. வாங்கின கடைக்குப் போய் மரியாதையாகப் பேசுங்க. "முதலாளி, கம்பனி அனுப்பின அப்டேட்டைத்தான் போட்டோம், நாங்க வேற ஒண்ணும் செய்யல்ல" என்று சொல்லுங்க. போனைக் கொடுத்தால் கொடுத்ததற்குத் துண்டு வாங்குங்க.
5. முடியாது என்றால் "முடியாதுன்னு எழுதித் தாங்க" என்று கேளுங்க. எழுதச் சொன்னதுமே பல பேருடைய பேச்சு மாறும்.
6. கடைக்கு ஒரு கடிதம் பதிவுத் தபாலில் அனுப்புங்க. பிரதியைப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கும் அனுப்புங்க. அதன் மாவட்ட அலுவலகம் கச்சேரியில் இருக்கிறது. தொலைபேசியில் கேட்க 1977.

இந்த 1977 என்ற இலக்கத்தை நம்ம சனத்துக்குப் பாடமாக்கித் தரத் தேவையில்லை. எத்தனையோ குடும்பம் தோட்டத்தை விட்டு வன்னிக்குப் போன வருசம் அது. அன்றைக்குக் கேட்க ஆள் இல்லாமல் போனோம். இன்றைக்கு அதே எண்ணை அமுக்கிக் கேள்வி கேட்கலாம்.

மாதிரிக் கடிதம்

அனுப்புநர்: (உங்கள் பெயர், விலாசம்)
பெறுநர்: (கடையின் பெயர், விலாசம்)
பிரதி: பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை, மாவட்ட அலுவலகம்

ஐயா,
நான் ...... திகதியில் தங்கள் கடையில் ...... ரூபாவுக்கு ...... போனை வாங்கினேன். பில் இலக்கம் ....... ஐ.எம்.ஈ.ஐ. இலக்கம் ........ கம்பனி அனுப்பிய அப்டேட்டை ...... திகதியில் போட்டேன். அதன் பின் போன் வேலை செய்யவில்லை. போன் கீழே விழவோ, தண்ணீரில் நனையவோ, வெளியாரால் திறக்கப்படவோ இல்லை. ஆகவே இலவசமாகத் திருத்தித் தரும்படி, அல்லது மாற்றித் தரும்படி, அல்லது பணத்தைத் திருப்பித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். 7 நாளில் பதில் தரவும்.
இப்படிக்கு, (கையொப்பம், திகதி)

இதில் எழுதுவது எல்லாம் உண்மையாக இருக்கணும். பீலியடியில் விழுந்த போனை "அப்டேட்டில போச்சு" என்று எழுதினால், அடுத்த முறை உண்மையாகப் பாதிக்கப்பட்டவர் சொல்வதையும் நம்ப மாட்டார்கள்.

அந்தத் தங்கச்சி இப்படித்தான் எழுதினார். கடிதம் போய்ச் சேர்ந்த கிழமையே கடையில் இருந்து போன் வந்தது. கம்பனி முகவரிடம் அனுப்பி, ஒரு சதம் வாங்காமல் திருத்திக் கொடுத்துவிட்டார்கள். 12,000 ரூபா மிச்சம். ஆனால் உள்ளே இருந்தது எல்லாம் அழிந்துவிட்டது. அம்மாவின் குரல் திரும்பி வரவில்லை.

அதுதான் இந்தப் பாடத்தின் மற்றப் பாதி. சட்டம் போனை வாங்கித் தரும், காசையும் வாங்கித் தரும். உள்ளே இருந்ததை எந்தச் சட்டமும் திருப்பித் தராது. அதை நாம்தான் முன்கூட்டியே காப்பாற்றணும்.

அப்டேட் போடுவதற்கு முன்

1. படம், குரல், பிள்ளைகளின் பாடக்குறிப்பு, காணிப் பத்திரத்தின் படம் எல்லாவற்றையும் மெமரி சிப்பிலோ வேறு போனிலோ ஒரு பிரதி எடுத்து வைங்க. வட்ஸ்அப்பில் "பெக்கப்" என்று ஒரு வசதி இருக்கிறது. தெரியாவிட்டால் ஏ.எல். படிக்கிற பிள்ளையைக் கேளுங்க.
2. சார்ஜ் பாதிக்கு மேல் இருக்கணும். மின்சாரம் நின்று நின்று வருகிற மழை நாளில் போடாதீங்க.
3. உள்ளே இடம் இருக்கா என்று பாருங்க. தேவையில்லாத வீடியோவை அழியுங்க.
4. பெரிய அப்டேட் வந்த அன்றே ஓடிப் போய்ப் போட வேண்டாம். ஒன்றிரண்டு கிழமை பொறுங்க. பிழை இருந்தால் அதற்குள் வெளியில் தெரிந்துவிடும்.
5. திருத்தக் கொடுக்கும்போது, "உள்ள இருக்கிறது அழியுமா?" என்று முதலில் கேளுங்க. சொப்ட்வெயாரைப் புதிதாக ஏற்றினால் பெரும்பாலும் எல்லாம் அழியும்.

"அப்படியென்றால் அப்டேட்டே போடாமல் விட்டால் என்ன?" என்று சிலர் கேட்பார்கள். அதுவும் ஆபத்து. 2017 மார்ச் மாதம் மைக்ரோசொப்ட் கம்பனி ஒரு பாதுகாப்பு அப்டேட்டை அனுப்பியது. அதைப் போடாமல் விட்ட கணினிகளை அடுத்த மே மாதம் வனாகிரை என்ற வைரஸ் பிடித்தது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகளின் வேலையே குழம்பிப் போனது. மறுபக்கம், 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கம்பனி அனுப்பிய ஒரு பிழையான அப்டேட்டால் உலகமெங்கும் சுமார் 85 இலட்சம் கணினிகள் விழுந்தன, விமானங்கள் நின்றன. ஆகவே அப்டேட் போடணும். பிரதி எடுத்துவிட்டுப் போடணும்.

வாங்கும்போதே செய்ய வேண்டியது

பில் கேளுங்க. கேட்டால் கொடுப்பது வியாபாரியின் கடமை. சில பில்லில் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும், அன்றைக்கே போட்டோகொப்பி எடுங்க. அதன் பின்பக்கத்தில் 3 மாதம் முடிகிற திகதியைப் பேனையால் எழுதுங்க. வாரண்டி கம்பனியுடையதா, கடையுடையதா என்று கேளுங்க. காசு கொடுக்கும் முன் ஐ.எம்.ஈ.ஐ. என்று ஆங்கிலத்தில் அடித்து, ஒரு இடைவெளி விட்டு, அந்த 15 இலக்கத்தையும் அடித்து 1909க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்க. அந்த போன் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவானதா என்று பதில் வரும்.

வீட்டில் சேர்ந்து பேசிப் பாருங்கள்

1. நம்ம வீட்டுப் போனின் பில் இப்போது எங்கே இருக்கிறது?
2. அந்தப் போன் இன்று இரவு செத்தால், திரும்பக் கிடைக்காத பொருள் உள்ளே என்ன இருக்கிறது? அதற்குப் பிரதி இருக்கா?
3. "அப்டேட் போட்டது நீங்க" என்று கடைக்காரர் சொன்னால் நாம் என்ன பதில் சொல்வோம்?

கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கு என்றும் ஈரத்துக்கு என்றும் கிலோவைக் கூடுதலாக வெட்டினால், தராசுக்குப் பக்கத்தில் நின்று கேட்கிற சனம் நாம். அந்த வாயைக் கடைக்குப் போகும்போது வீட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டாம்.

கடிதம் எழுத உதவி வேண்டும் என்றால் பில்லையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு நலன்புரி அலுவலகத்துக்கு வாங்க. போன் கெட்ட கிழமையே வாங்க, சம்பள நாள் வரைக்கும் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம்.